ஹெரால்டு தம்பிக்கு குண்டு சக்கரம்! நாலு நட்டு ஏறினால் மட்டும் போதுமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு தீராத ஆசை ஒன்று உண்டு. கம்பெனி மாட்டிக்கொடுத்த ஒல்லி சக்கரத்தை கழற்றி ஓரமாக போட்டுவிட்டு, வேறு மாடல் காரின் அகலமான சக்கரத்தை மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்டினால் வண்டி பார்க்க கும்மென்று இருக்கும். வளைவில் ரோட்டை கெட்டியாக பிடிக்கும். புதிதாக அலாய் வாங்குவதைவிட, இன்னொரு காரில் இருந்து கழற்றிய சக்கரம் விலையும் குறைச்சல்.

சக்கரத்தை தூக்கி வைத்துப் பார்ப்பார்கள். நாலு ஓட்டையும் நாலு ஸ்டடில் உட்காரும். நட்டை முறுக்குவார்கள். பிட் ஆயிடுச்சு, கிளம்பலாம் என்று பட்டறையில் சொல்லிவிடுவார்கள்.

விவகாரமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாலு ஓட்டை சரியாக இருப்பது, பொண்ணு-மாப்பிள்ளை ஜாதகத்தில் ஒரு பொருத்தம் இருப்பது மாதிரி. மீதி ஒன்பது பொருத்தத்தை பார்க்காமல் விட்டால், ஓடும் வண்டியில் இருந்து சக்கரம் தனியாக கழன்று முன்னால் ஓடும் நிலைமைகூட வரலாம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சென்னையில் பிறந்த அண்ணன்

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் தயாரான கார், டிரையம்ப் ஸ்பிட்பயர். 2 பேர் மட்டும் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். 1962-ல் வந்தது, 1980-ல் நிறுத்தப்பட்டது. 3 லட்சத்துக்கும் மேல் விற்றது. உலகத்திலேயே அதிகமாக சக்கரம் மாற்றி விளையாடப்பட்ட பழைய கார்களில் இதுவும் ஒன்று.

சீமைக்காரன் காரு நமக்கு எதுக்குய்யா என்று கேட்க வேண்டாம். இந்த ஸ்பிட்பயருக்கு அண்ணன் நம்ம மெட்ராஸ் கார்தான். டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதையே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. பானெட்டை முன்பக்கமாக கவிழ்த்து திறந்தால் இரண்டு முன்சக்கரமும் என்ஜினும் அப்படியே அம்மணமாக தெரியுமே, அந்த கார். ஒரு காலத்தில் டாக்டர்களும், வக்கீல்களும், சினிமாக்காரர்களும் வைத்திருந்தார்கள்.

அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தை நீளத்தில் குறைத்து, மேலே வேறு பாடி போட்டதுதான் ஸ்பிட்பயர். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிச்செலோட்டி. முன்பக்க ஹப், பின்பக்க ஆக்சில், சக்கர ஓட்டை எல்லாம் ஒரே குடும்பம். அதனால் ஸ்பிட்பயருக்கு பொருந்தும் கதை, நம்ம ஊரில் இன்னும் ஷெட்டில் நிற்கும் ஹெரால்டுக்கும் அப்படியே பொருந்தும்.

எந்த காரில் இருந்து எடுக்கிறார்கள்?

ஹெரால்டு, ஸ்பிட்பயர் சக்கரத்தில் 4 ஓட்டை. எதிரெதிர் ஓட்டைகளின் நடுவில் இருந்து நடு வரைக்கும் அளந்தால் 95.25 மி.மீ. பழைய கணக்கில் 3¾ இன்ச். இது ரொம்ப அபூர்வமான அளவு. சக்கரத்தின் விட்டம் 13 இன்ச். ஆரம்பகால ஸ்பிட்பயரில் ரிம்மின் அகலம் வெறும் 3½ இன்ச். சைக்கிள் ரிக்‌ஷா மாதிரி இருக்கிறதே என்று ஓனர்கள் வருத்தப்பட்டதில் தப்பில்லை. பிறகு கம்பெனியே 4½ இன்ச்சுக்கு மாறியது.

1973-ல் அதே டிரையம்ப் கம்பெனி டாலமைட் ஸ்பிரின்ட் என்று ஒரு 4 கதவு காரை இறக்கியது. 2 லிட்டர், 16 வால்வு என்ஜின். அதற்கு 5½ இன்ச் அகலத்தில் 13 இன்ச் அலாய் சக்கரம் கம்பெனியிலேயே மாட்டி வந்தது. ஓட்டை அளவு அதே 95.25. விடுவார்களா? டாலமைட் சக்கரத்தை ஸ்பிட்பயரில் மாட்டுவது இங்கிலாந்தில் பல வருடமாக நடக்கிறது.

அதற்குப்பிறகு 1995-ல் எம்.ஜி.எப். என்ற கார் வந்தது. 15 இன்ச் விட்டம், 6 இன்ச் அகலம். அதிசயமாக இதற்கும் அதே 95.25 மி.மீ. உடனே அந்த சக்கரத்தின் மீதும் கண் விழுந்தது.

இந்த இரண்டில் டாலமைட் சக்கரம் ஓரளவு நியாயமான மாற்றம். விட்டமும் குடும்பமும் ஒன்று. அதற்கு போடும் 175/70 ஆர்13 டயரின் மொத்த உயரம் கணக்குப்படி 575 மி.மீ. பழைய 155 டயரின் உயரம் 578. வித்தியாசம் 3 மி.மீ.தான். ஸ்பீடோமீட்டர்கூட பொய் சொல்லாது. எம்.ஜி.எப். சக்கரத்தில் சிக்கல் நிறைய. அதில் ஸ்டடு 12 மி.மீ. தடிமன். பழைய ஸ்பிட்பயரில் 3/8 இன்ச், அதாவது சுமார் 9.5 மி.மீ. ஓட்டை பெரிசு, ஸ்டடு சிறுசு. நட்டின் கூம்பு சரியாக உட்காராவிட்டால் சக்கரம் நடுவில் நிற்காது.

ஆப்செட் என்ற பூதம்

அகலத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஆப்செட். பட்டறைகளில் பலர் இதை கேட்பதே இல்லை.

ரிம்மை செங்குத்தாக சரிபாதியாக பிளந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நடுக்கோட்டில் இருந்து, ஹப்பில் போய் ஒட்டுகிற முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆப்செட். ஒட்டும் முகம் வெளிப்பக்கம் இருந்தால் சக்கரம் வண்டிக்கு உள்ளே போகும். அதை பிளஸ் என்பார்கள். ஒட்டும் முகம் உள்பக்கம் இருந்தால் சக்கரம் வெளியே துருத்தும். அது மைனஸ்.

3½ இன்ச் ரிம்மை எடுத்துவிட்டு 5½ இன்ச் போட்டால் 2 இன்ச் கூடுகிறது. நடுக்கோடு அதே இடத்தில் இருந்தால் உள்ளே 1 இன்ச், வெளியே 1 இன்ச் என்று பங்கு பிரியும். ஆனால் வேறு மாடல் சக்கரம் அப்படி சமமாக பங்கு வைக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? அது வேறு காருக்காக வார்த்தது. 2 இன்ச்சும் வெளியே வரலாம். அல்லது மொத்தமாக உள்ளே போய் பிரேமில் உரசலாம்.

வெளியே வந்தால்தான் அழகு என்று பலர் நினைக்கிறார்கள். மட்கார்டை தாண்டி டயர் எட்டிப் பார்த்தால் ரேஸ் கார் மாதிரி தெரியும். ஆனால் தண்ணீர் குடத்தை இடுப்பில் வைத்து தூக்குவதும், அதே குடத்தை கையை நீட்டி தூக்குவதும் ஒன்றா? குடம் அதே எடைதான். தோள்பட்டை வலிக்கிறதா இல்லையா? ஹெரால்டு சுமார் 800 கிலோ எடை. ஒரு சக்கரத்துக்கு 200 கிலோ என்று வைத்துக்கொண்டால், சக்கரம் ஒரு இன்ச் வெளியே தள்ளியதும் அந்த 200 கிலோ, கையை நீட்டி தூக்குகிற பாரமாக மாறுகிறது. பள்ளத்தில் விழும்போது அதுவே பல மடங்கு. அந்த வலி முழுக்க பேரிங்குக்கும், ஹப் உட்கார்ந்திருக்கும் தண்டுக்கும்தான்.

பலவீனமான இடங்கள்

இந்த குடும்பத்தில் அந்த தண்டுகள் ஏற்கனவே ஒல்லி. இதுதான் முக்கியமான சேதி.

முன்பக்கத்தை பார்ப்போம். ஸ்பிட்பயரின் ஸ்டப் ஆக்சிலும் உள் பேரிங்கும், அதன் 6 சிலிண்டர் பங்காளியான ஜி.டி.6 காரைவிட சிறியவை. அகல டயர் மாட்டி ரேஸ் ஓட்டுகிறவர்கள் முதல் வேலையாக ஜி.டி.6 சாமான்களை வாங்கி மாட்டுவது இதனால்தான். சக்கரத்தை மட்டும் மாற்றி தண்டை மாற்றாமல் விடுவது, எருமை கட்டுகிற இடத்தில் ஆட்டுக்கயிறு கட்டுகிற கதை.

அதற்கு கீழே இன்னொரு ஆபத்து. முன்சக்கரம் திரும்புகிற இரும்பு கால், அடியில் ஒரு பித்தளை டிரனியனில் மரை போல முறுக்கி உட்கார்ந்திருக்கும். அதற்கு கியர் ஆயில் விட வேண்டும். மாதக்கணக்கில் காய விட்டால் உள்ளே தண்ணீர் இறங்கி துருப்பிடிக்கும். ஒருநாள் திருப்பும்போது கால் அடியோடு ஒடிந்து முன்சக்கரம் படுத்துவிடும். ஒல்லி டயரிலேயே இது நடக்கும். நன்றாக பிடிக்கிற அகல டயர் அந்த காலை இன்னும் பலமாக முறுக்கும் என்பதை சொல்லவும் வேண்டுமா?

பின்பக்கம் இன்னும் மோசம். பின் ஹப், ஆக்சில் தண்டின் கூம்பு முனையில் ஒரு சாவி, ஒரு நட்டுடன் பிடித்து நிற்கிறது. அந்த தண்டு ஒடிந்தால் ஹப், டிரம், சக்கரம் மூன்றும் சேர்ந்து வெளியே வந்துவிடும். லாரி ஆக்சில் ஒடிந்தால் வண்டி நகராமல் நிற்குமே தவிர சக்கரம் ஓடிப்போகாது. இந்த காரில் ஓடிப்போகும்.

சிறகு மடக்கும் ஆக்சில்

ஹெரால்டு ஓட்டிய பழைய டிரைவர்களுக்கு இது தெரியும். வளைவில் வேகமாக போகும்போது பின்பக்கம் தூக்கி அடிக்கும்.

அம்பாசடர் மாதிரி ஒரே ஆக்சில் இதில் கிடையாது. நடுவில் டிபரன்ஷியல் பிரேமோடு கெட்டியாக நிற்கும். அதில் இருந்து இரண்டு பக்கமும் பறவை சிறகு மாதிரி ஆளுக்கு ஒரு தண்டு. மேலே குறுக்காக ஒரே ஒரு பிளேட் கட்டு. வளைவில் வேகமாக போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பாகம் மேலே எழும்பும். வெளிப்பக்க சக்கரம், காலை உள்ளே மடக்குவது போல அடியில் மடங்கும். டயரின் ஓரம் மட்டும் ரோட்டை தொடும். அடுத்த நொடி வண்டி பம்பரம்.

அகல டயர் போட்டால் பிடிமானம் கூடுமே, இது சரியாகிவிடுமே என்று கேட்கலாம். நடப்பது தலைகீழ். பக்கவாட்டு பிடிமானம் எவ்வளவு கூடுகிறதோ, அந்த விசைதான் சக்கரத்தை அடியில் மடக்கி வண்டியை மேலே தூக்குகிறது. ஒல்லி டயர் கொஞ்சம் வழுக்கி டிரைவரை எச்சரிக்கும். குண்டு டயர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்து மொத்தமாக கைவிடும். சக்கரம் சாய்ந்து நிற்கும்போது அகல டயரின் பாதி ரோட்டிலேயே படாது என்பது தனிக்கதை.

கம்பெனிக்கும் இது தெரியும். 1970-ல் வந்த ஸ்பிட்பயர் மார்க் 4-ல் பிளேட் கட்டை நடுவில் ஆடும்படி மாற்றினார்கள். 1973-ல் பின் தண்டுகளையே நீளமாக்கி, சக்கர இடைவெளியை 2 இன்ச் கூட்டினார்கள். கவனியுங்கள், சக்கரத்தை வெளியே தொங்கவிடவில்லை. தண்டைத்தான் நீட்டினார்கள். சென்னை கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. ஹெரால்டுக்கு பிறகு 1972-ல் கெசல் என்ற காரை கொண்டுவந்தபோது சிறகு ஆக்சிலையே தூக்கி எறிந்துவிட்டு, சாதாரண ஒரே ஆக்சில் போட்டது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. ஹெரால்டின் பெரிய பெருமையே 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதுதான். சந்துக்குள் ஆட்டோ மாதிரி வளையும். அகல சக்கரம் போட்டால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டயரின் உள்ஓரம் உரசும். உரசாமல் இருக்க ஒடிப்பதை குறைக்க வேண்டும். அப்புறம் ஹெரால்டு எதற்கு?

நம்ம ஊர் பட்டறையில்...

இங்கே டாலமைட் சக்கரத்துக்கும் எம்.ஜி.எப். சக்கரத்துக்கும் எங்கே போவது? கையில் கிடைப்பது மாருதி, ஹூண்டாய் சக்கரம். மாருதி 800-க்கு 4 ஓட்டை, 114.3 மி.மீ. ஹெரால்டில் ஏறவே ஏறாது. அது ஒருவகையில் நல்லது.

ஆபத்தானது 100 மி.மீ. அளவுதான். பழைய ஸ்விப்ட், சான்ட்ரோ எல்லாம் அந்த அளவு. 95.25-க்கும் 100-க்கும் வித்தியாசம் ஐந்து மி.மீ.கூட இல்லை. ஒவ்வொரு ஸ்டடிலும் சுமார் 2.4 மி.மீ. மட்டும் தள்ளி நிற்கும். ஓட்டையில் இடம் இருப்பதால் தட்டி உள்ளே தள்ளிவிடலாம். நட்டும் முறுகும். ஆனால் நட்டின் கூம்பு ஓட்டையில் முழுசாக உட்காராது. ஒரு ஓரத்தில் மட்டும் முட்டி நிற்கும். ஸ்டடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளையும். சக்கரம் லேசாக ஆடும். அலைன்மென்ட் பார்க்கச் சொல்வார்கள், பேலன்ஸ் செய்யச் சொல்வார்கள், ஆட்டம் நிற்காது. கடைசியில் ஸ்டடு ஒவ்வொன்றாக ஒடியும்.

அப்படியானால் லேத்தில் கொடுத்து நடுவில் ஒரு தகடு கடைந்து போட்டால்? தகட்டின் தடிமன் எவ்வளவோ, அவ்வளவும் சக்கரம் வெளியே தள்ளும். குடத்தை இன்னும் நீட்டி பிடிக்கிற கதைதான். எந்த இரும்பு, என்ன பதம் என்று தெரியாத தகட்டை நம்பி பைபாஸில் போவது நமக்கு சரியாக படவில்லை. ஓட்டையை ரவுண்டு பைல் வைத்து இழைத்து நீட்டுவது அதைவிட மோசம்.

மட்கார்டில் கை வைக்காதீங்க

டயர் உரசினால் பலரும் செய்வது, மட்கார்டின் உள்விளிம்பை வெட்டுவது. டிங்கரிங் ஆள் அரைமணி நேரத்தில் முடித்துவிடுவார். ஆனால் அது திரும்ப வராது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்கு தனி பதிவு முறை கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியாக இருக்க வேண்டும். வி.ஏ. என்ற எழுத்து போட்ட நம்பர் கிடைக்கும். புதிய பதிவுக்கு ரூ.20 ஆயிரம், 10 வருடம் செல்லும். ஹெரால்டு கார்கள் எல்லாமே 50 வயதை தாண்டியவைதான். ஆனால் ஒரு நிபந்தனை. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. சக்கரத்தை கழற்றிவிட்டு பழையதை மாட்டிக்கொள்ளலாம். வெட்டிய மட்கார்டை என்ன செய்வது?

சாதாரண பதிவில் ஓடும் வண்டிக்கும் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாக சொல்லியது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். காசை கொட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் முதலில் பார்ப்பது சக்கரத்தைத்தான்.

மாட்டியே தீருவேன் என்பவர்களுக்கு

சரி, 4½ அல்லது 5½ இன்ச் ரிம், ஓட்டை அளவு 95.25 தான், டயரும் உயரத்தில் பழசுக்கு பக்கத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் டயர் மாட்டுவதற்கு முன்பு வெறும் ரிம்மை குப்புற போட்டு, மேலே ஒரு நேரான கம்பியை குறுக்கே வைத்து, கம்பியில் இருந்து ஒட்டும் முகம் வரை ஸ்கேலில் அளக்க வேண்டும். பழைய ரிம்மையும் அதேபோல அளந்தால், புதுசு எத்தனை மி.மீ. உள்ளே போகும், எத்தனை மி.மீ. வெளியே வரும் என்று வண்டியில் தொடாமலே தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை.

மாட்டிய பிறகு, பசங்க விளையாடும் களிமண்ணை உருட்டி மட்கார்டின் உள்விளிம்பிலும் பிரேமின் ஓரத்திலும் ஒட்ட வேண்டும். 4 பேரை ஏற்றிக்கொண்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். களிமண் நசுங்கியிருந்தால் அந்த சக்கரம் வேண்டாம். பின்பக்கம் ஜாக்கி போட்டு தூக்கியும் பார்க்க வேண்டும். சிறகு ஆக்சில் என்பதால் தூக்கினால் சக்கரம் வேறு சாய்வுக்கு போகும். அகல டயர் மட்கார்டுக்குள் சிக்கி வெளியே வராமல் போவதும் உண்டு. நடுரோட்டில் பஞ்சரானால்தான் அந்த அருமை புரியும்.

பேரிங், பின் ஹப், டிரனியன் மூன்றையும் சக்கரம் மாற்றுகிற அன்றைக்கே பிரித்துப் பார்த்துவிட வேண்டும். அலாய் சக்கரத்தின் ஒட்டும் முகம் இரும்பு டிஸ்க்கைவிட தடிமன் என்பதால் ஸ்டடு நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். நட்டு குறைந்தபட்சம் ஸ்டடின் தடிமன் அளவுக்காவது மரையில் ஏறியிருக்க வேண்டும். முதல் 50 கி.மீ. ஓடியதும் ஓரமாக நிறுத்தி நாலு சக்கரத்தின் நட்டையும் மறுபடி ஒரு முறுக்கு.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி பழைய ஒல்லி இரும்பு டிஸ்க்காக இருந்தால், அதற்கான பழைய நட்டு நாலையும் ஒரு டப்பாவில் போட்டு ஜாக்கி பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அலாய்க்கு வாங்கிய நட்டு பல நேரம் இரும்பு டிஸ்க்கை பிடிக்காது.